சீக்கியம் பாதி இந்து, பாதி இஸ்லாமா?

கேள்வி, 2024 மார்ச் 2

சீக்கிய மதத்தில் தனித்தன்மை என்று என்ன இருக்கிறது? ஒரே கடவுள் என்பதை இஸ்லாமிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். கர்மம், மறுபிறவி இந்து மதத்திலிருந்து வந்தது. இரண்டையும் கலந்து மேலே ஒரு தலைப்பாகை. நம் அரசியல் சட்டமே அவர்களை இந்துக்களோடுதான் சேர்க்கிறது. மறுப்பவர்கள் சொல்லலாம்.

மார்ச் 2, இரவு 10.40

மறுக்கிறேன். எனக்குத் திருப்பூர், நூல் வியாபாரம். 2009 முதல் 2015 வரை லூதியானாவில் இருந்தேன். இங்கே பனியனுக்குத் திருப்பூர் எப்படியோ, அங்கே ஸ்வெட்டருக்கு லூதியானா அப்படி. நூல் விற்கப் போனவன் ஆறு குளிர்காலம் தங்கிவிட்டேன். தங்கியிருந்த தெருவின் கோடியில் ஒரு குருத்வாரா, சீக்கியர்களின் கோயில்.

கலவை நூலைப் பிரித்துப் பார்த்தால் இது பருத்தி, இது பாலியஸ்டர் என்று தனித்தனியாகச் சொல்லிவிடலாம். சீக்கியத்தை அப்படிப் பிரிக்க முடியுமா என்று நானும் பார்த்தேன், முடியவில்லை. தனித்தன்மை என்ன என்று கேட்டால் என் முதல் பதில் லங்கர். யார் போனாலும் தரையில் வரிசையாக உட்கார வைத்துச் சாப்பாடு போடுவார்கள். பேர், ஊர், சாதி எதையும் கேட்பதில்லை. அமிர்தசரஸ் பொற்கோயிலில் மட்டும் ஒரு நாளைக்கு 50,000 பேருக்கு மேல் சாப்பிடுகிறார்கள்.

மார்ச் 3, காலை 7.15

லங்கரைப் பற்றி இன்னும் கொஞ்சம். நேற்று தூக்கக் கலக்கத்தில் சுருக்கிவிட்டேன்.

முதல் தடவை போனபோது தட்டை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூடையோடு வந்த பையன் "பர்ஷாதா, வாஹேகுருஜி" என்றபடி நின்றான். ரொட்டியைத் தட்டில் போடவில்லை. பக்கத்தில் இருந்த பாட்டி என் கையைப் பிடித்து, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து ஏந்த வைத்தார். அப்புறம்தான் ரொட்டி கைக்கு வந்தது. லங்கரில் ரொட்டிக்குப் பெயரே பர்ஷாதா, அதாவது பிரசாதம். பருப்பு தட்டில் விழுகிறது, ரொட்டியை மட்டும் கையேந்தி வாங்க வேண்டும். ஆலை முதலாளியும் அப்படித்தான் வாங்கினார், அவருடைய ஆலையில் மூட்டை தூக்கும் பீகார் ஆளும் அப்படித்தான் வாங்கினார். இரண்டு பேரும் ஒரே வரிசையில் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

வாசலில் செருப்பு வைக்கும் இடத்துக்கு ஜோடா கர் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே உட்கார்ந்து வருகிறவர்களின் செருப்பைத் துணியால் துடைத்து வைப்பவர்களில் பாதிப் பேர் கார் வைத்திருப்பவர்கள். சேவை என்ற சொல்லை நாம் மேடையில் கேட்கிறோம். அங்கே அது செருப்புத் துடைக்கும் துணியில் இருந்தது.

மார்ச் 3, இரவு 9.05

ஒருவர் சரியான இடத்தில் பிடித்திருக்கிறார். அன்னதானம் எங்குதான் இல்லை, 1867-இல் வள்ளலார் வடலூரில் தருமசாலை தொடங்கி அடுப்பு அணையாமல் சோறு போடவில்லையா என்கிறார். உண்மைதான். குரு நானக்குக்கு முன்பே சூஃபிகளின் மடங்களிலும் லங்கர் நடந்தது. லங்கர் என்ற சொல்லே பாரசீகம் வழியாக வந்தது. ஆக, பசித்தவனுக்குச் சோறு என்பதை மட்டும் வைத்துத் தனித்தன்மை பேச முடியாது. நேற்று சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒன்றை விட மாட்டேன். மூன்றாம் குரு அமர்தாஸ் வைத்த விதி, முதலில் பங்கத், பிறகு சங்கத். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் குருவைப் பார்க்க வர வேண்டும். அக்பரும் அப்படித்தான் வந்தார் என்று அவர்கள் மரபு சொல்கிறது. பசி இருக்கிறதோ இல்லையோ, பக்கத்தில் இருப்பவன் யாராக இருந்தாலும் அவனோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சேர்ந்து சாப்பிடுவதால்தான் சாதி உடையும் என்று அந்தக் காலத்திலேயே தெரிந்து வைத்த ஏற்பாடு இது. அதைத் தானம் என்ற கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் குரு அங்கதின் மனைவி மாதா கீவி லங்கரில் நெய் ஊற்றிய பாயசம் பரிமாறியதைச் சீக்கியர்களின் வேதமான கிரந்தத்தில் ஒரு பாட்டு பாடுகிறது. சமையலறையில் நின்ற பெண்ணின் பெயர் வேதத்திலேயே இருக்கிறது. இதையும் எழுதி வைக்கத் தோன்றியது.

மார்ச் 5, இரவு 11.30

இரண்டு நாள் யோசித்தேன். லங்கரைச் சொல்லித் தொடங்கியிருக்கக் கூடாது. உண்மையிலேயே வேறெங்கும் நான் பார்க்காதது குரு கிரந்த் சாஹிப், அந்தக் கிரந்தம்.

வேதம், குர்ஆன், பைபிள் எல்லாம் புனித நூல்கள். சீக்கியருக்கு அந்த நூலே குரு. 1469-இல் பிறந்த நானக் முதல் கோவிந்த் சிங் வரை மனிதர்களாகப் பத்து குருக்கள். 1708-இல் மராட்டியத்து நாந்தேடில், தன் கடைசி நாட்களில், பத்தாம் குரு இனி மனித குரு கிடையாது, கிரந்தமே குரு என்று முடித்துவைத்தார். அமிர்தம் அருந்தும் சடங்கு வழியாகச் சேரும் சீக்கியர் கூட்டமான கால்சா எழுந்து ஒன்பது வருடம்தான் ஆகியிருந்தது. எத்தனை மதங்களில் வாரிசுச் சண்டை பார்த்திருக்கிறோம். அதிகாரம் கையில் இருக்கும்போதே ஒரு மனிதர் ஆசனத்தை எழுத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

நூலை உயிருள்ள குருவாக நடத்துவது என்றால் என்ன என்பதை ஜனவரிக் குளிரில் ஓர் இரவு பார்த்தேன். பாட்டு முடிந்தது. கிரந்தத்தைப் படிக்கும் கிரந்தி அதை மூடி, ரூமாலா என்ற பட்டுத் துணிகளால் சுற்றினார். ஒரு பெரியவர் அதைத் தலையில் வைத்துக்கொண்டார். பின்னால் ஒருவர் சாமரம் வீசியபடி வந்தார், முன்னால் ஒருவர் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனார். எல்லோரும் எழுந்து நின்றோம். உள் அறையில் கட்டில், மெத்தை. படுக்க வைத்து, மேலே ஒரு ரஜாய் போர்த்தினார்கள். ஆமாம், பஞ்சு வைத்துத் தைத்த போர்வை, வெளியே அவ்வளவு பனி. விடியற்காலையில் திரும்ப எழுந்தருளச் செய்து, ஏதாவது ஒரு பக்கம் வரும்படி திறந்து, அங்கே வரும் பாடலைப் படிப்பார்கள். அன்றைய கட்டளை அது, ஹுகம்நாமா. வாசல் பலகையில் எழுதிப் போடுவார்கள். பக்கத்துக்குப் பெயர் அங்கம். மொத்தம் 1430 அங்கங்கள்.

மார்ச் 6, காலை 6.50

"அப்படியானால் இதுவும் உருவ வழிபாடுதானே?"

இதே கேள்வியை லூதியானாவில் என்னோடு வியாபாரம் செய்த சர்தார் ஒருவரிடம் நானே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "சாமரம், குடை, ஆசனம் எல்லாம் ராஜாவுக்குச் செய்கிற மரியாதை பாய் சாஹிப். ஆனால் இந்த ராஜா சொல்வதைப் படித்துக் கேட்காமல் சாமரம் மட்டும் வீசினால், நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான்" என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 6, இரவு 10.10

அந்த நூலுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவர் விரிவாகக் கேட்டிருக்கிறார். என்னை இழுத்துப் பிடித்த பகுதியே அதுதான்.

1604-இல் ஐந்தாம் குரு அர்ஜன் தொகுத்தார். பெரும்பகுதி ராக வரிசை, 31 ராகங்கள். தேவாரத்தைப் பண்முறையில் ஓதக் கேட்டவர்களுக்கு இந்த அடுக்கு உடனே புரியும். எல்லாமே பாட வேண்டிய பாடல்கள். உள்ளே ஆறு குருக்களின் பாடல்கள் உண்டு, ஆறு பேரும் நானக் என்றே முத்திரை வைத்துப் பாடினார்கள். எது யாருடையது என்று அறிய மஹலா 1, மஹலா 3 என்று எண் போட்டிருக்கும். பத்தாம் குரு தன் தந்தை தேக் பகதூரின் பாடல்களைச் சேர்த்தார். தன்னுடையதை வைக்கவில்லை.

குருக்கள் அல்லாதவர்களும் உள்ளே இருக்கிறார்கள். நெசவாளர் கபீர், தோல் தொழிலாளி ரவிதாஸ், மராட்டியத்துத் தையற்காரர் நாம்தேவ், நாவிதர் சைன், கசாப்புக்காரர் சத்னா, விவசாயி தன்னா. அதோடு பாபா ஃபரீத். இவர் முஸ்லிம் சூஃபி, நானக்குக்குச் சுமார் 300 ஆண்டு முந்தியவர். இவர்களில் யாரும் மதம் மாறி உள்ளே வரவில்லை. அவரவர் இருந்தபடியே இருக்கிறார்கள். சீக்கியர் ஒருவர் கிரந்தத்தின் முன் நெற்றியைத் தரையில் வைத்து வணங்கும்போது, செருப்புத் தைத்தவரின் சொல்லையும் சேர்த்துத்தான் வணங்குகிறார். மாற்று மதத்துக்காரரின் பாடலைத் தன் வேதத்துக்குள் வைத்துக்கொண்ட இன்னொரு மதத்தைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ஃபரீத் ஓரிடத்தில் பாடுகிறார்: உடம்பு தந்தூர் அடுப்பாகக் காயட்டும், எலும்பு விறகாக எரியட்டும், கால் ஓய்ந்தால் தலையால் நடந்தாவது என் அன்பனைச் சேருவேன். அடுத்த பாடல் நானக்குடையது: உடம்பை அடுப்பாகக் காய்ச்சாதே, எலும்பை விறகாக்காதே, காலும் தலையும் உனக்கு என்ன கெடுதல் செய்தன, உள்ளேயே அவனைப் பார்.

ஃபரீதின் பாட்டை அவர்கள் நீக்கவில்லை, திருத்தவும் இல்லை. மறுப்பை அதன் பக்கத்திலேயே வைத்து, இரண்டையும் சேர்த்துக் குரு என்றார்கள். பதில் சொன்னவரும் கேள்விப்பட்டவரும் ஒரே ஆசனத்தில் இருக்கிறார்கள். இதைக் கலவை என்று சொல்லிவிட்டு நகர்ந்து போக என்னால் முடியாது.

மார்ச் 7, மதியம்

"பதில் சொன்னவரும் கேள்விப்பட்டவரும்" என்று எழுதியிருக்கிறேன். பாடியவரும் பதில் சொன்னவரும் என்று படித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 9, இரவு 8.20

அரசியல் சட்டம் பற்றி. 25-ஆம் பிரிவின் இரண்டாம் விளக்கம் இந்துக்கள் என்பதில் சீக்கியர், சமணர், பௌத்தரையும் சேர்க்கிறது, உண்மை. எதற்காக என்பதையும் பாருங்கள். பொதுவான இந்து சமய நிறுவனங்களை எல்லா வகுப்பினருக்கும் திறந்துவிடுவது பற்றிய உட்பிரிவுக்கான விளக்கம் அது. அதற்கு நேர் மேலே இருக்கும் முதல் விளக்கம், கிர்பான் என்ற குறுவாளைத் தரிப்பது சீக்கிய மதத்தைக் கைக்கொள்வதில் அடங்கும் என்கிறது. சீக்கிய மதம் என்ற பெயர் அதே பிரிவில் தனியாகவே நிற்கிறது. திருமணத்துக்கு 1909-லேயே ஆனந்த் திருமணச் சட்டம் வந்தது. 2011 கணக்கெடுப்பில் 2.08 கோடிப் பேர் தங்கள் மதம் சீக்கியம் என்று பதிந்தார்கள். எனக்கு இது போதும். சட்டம் பேச வேறு ஆள் வரட்டும்.

மார்ச் 12, இரவு 10

தேக் பகதூரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மேலே பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன்.

முதலில் பூணூல் கதை. சிறுவன் நானக்குக்குப் பூணூல் போட வந்தபோது மறுத்தார் என்பது மரபு. பாடல் கிரந்தத்தில் இருக்கிறது: தயை பருத்தியாகட்டும், மனநிறைவு நூலாகட்டும், அடக்கம் முடிச்சாகட்டும், சத்தியம் முறுக்காகட்டும். அப்படி ஒரு பூணூல் இருந்தால் போடுங்கள், அது அறுவதும் இல்லை, அழுக்காவதும் இல்லை.

நூல்காரனாக இதில் முறுக்கு என்ற சொல்லில் நின்றுவிட்டேன். பஞ்சு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் முறுக்கு இல்லையென்றால் நூல் இல்லை. கையில் பிடித்து இழுத்தால் பிரிந்து வந்துவிடும். தயையும் மனநிறைவும் இருந்தும் சத்தியம் இல்லாவிட்டால் அப்படித்தான் என்கிறார். இதை எழுதியவர் நூற்பைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்.

அந்த நானக்கின் ஆசனத்தில் ஒன்பதாவதாக வந்தவர் தேக் பகதூர். ஔரங்கசீப் காலத்தில் காஷ்மீரப் பண்டிதர்கள் கட்டாய மதமாற்றத்துக்குப் பயந்து அவரிடம் வந்தார்கள். 1675-இல் டெல்லி சாந்தனி சௌக்கில் அவர் தலை வெட்டப்பட்டது. அந்த இடத்தில் இன்று சீஸ் கஞ்ச் குருத்வாரா நிற்கிறது. தன் மதத்துக்காக உயிர் விட்டவர்கள் எல்லா மதத்திலும் உண்டு. தன் முதல் குரு வேண்டாம் என்று மறுத்த பூணூலை, மற்றவர்கள் போட்டுக்கொள்ளும் உரிமைக்காக ஒருவர் தலையைக் கொடுத்தார். முதன்முதலில் இதை எனக்குச் சொன்னபோது அந்த சர்தாரின் குரல் கம்மியது. நானும் பேசாமல் இருந்தேன்.

மார்ச் 13, காலை

சர்தார்ஜி ஜோக் ஒன்றை இங்கே ஒட்டியிருக்கிறார் ஒருவர். எடுத்துவிடுங்கள். பன்னிரண்டு மணி ஜோக் எல்லாம் இங்கே வேண்டாம். நானும் கல்லூரிக் காலத்தில் இவற்றைச் சொல்லிச் சிரித்தவன்தான், லூதியானா போனபின் விட்டேன். 1984 நவம்பரில் டெல்லியில் தலைப்பாகையையும் முடியையும் அடையாளம் வைத்துக் கொன்றார்கள். அப்போது முடியை வெட்டிக்கொண்டு உயிர் தப்பியவரின் மகன் என்னோடு வேலை செய்தான். அப்பா அதற்குப் பிறகு கண்ணாடி பார்ப்பதே இல்லை என்றான்.

மார்ச் 19, இரவு 11

இது எழுதச் சங்கடமான குறிப்பு. இதை விட்டுவிட்டால் மேலே எழுதியதெல்லாம் விளம்பரமாகிவிடும்.

சாதி ஒழிந்துவிட்டதா? இல்லை. லூதியானாவைச் சுற்றிய கிராமங்களில் நிலம் வைத்திருக்கும் ஜாட் சாதியாருக்கு ஒரு குருத்வாரா, தலித்துகளுக்கு இன்னொன்று என்று இருப்பதைப் பார்த்தேன். சுடுகாடும் தனி. கல்யாண விளம்பரத்தில் ஜாட் சிக், ராம்கடியா என்று சாதி பிரித்துத்தான் போடுகிறார்கள். 1956-இல் தலித் சீக்கியர்கள் எல்லோரையும் பட்டியல் சாதியில் சேர்த்தார்கள். சாதி இருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். தேக் பகதூரின் தலையை டெல்லியிலிருந்து பஞ்சாபின் ஆனந்த்பூருக்குச் சுமந்துபோன பாய் ஜைத்தா ஒரு தலித். அவர் வழிவந்தவர்களைத்தான் ஊர் வேறு பந்தியில் வைத்தது. பெண்கள் விஷயத்தில், அரசர்களைப் பெற்றவளை ஏன் தாழ்வாகப் பேசுகிறீர்கள் என்று நானக் கேட்டிருக்கிறார். ஆனால் பொற்கோயிலின் உள்மண்டபத்தில் கீர்த்தனம் பாடுகிறவர்கள் ஆண்களாகவே இருக்கிறார்கள். அதை மாற்றச் சொல்லி 2019-இல் பஞ்சாப் சட்டமன்றம் தீர்மானம் போட்டது.

அப்படியானால் என்ன தனித்தன்மை என்று கேட்பீர்கள். 1920 அக்டோபர் 12-ஐச் சொல்கிறேன். அமிர்தம் பெற்ற தலித்துகள் பொற்கோயிலுக்குக் கடா பிரசாதம் என்ற கோதுமை அல்வா கொண்டுவந்தார்கள். பூசாரிகள் வாங்க மறுத்தார்கள். வாக்குவாதம் முற்றி, கிரந்தத்தைத் திறந்து பார்ப்போம், குரு சொல்லட்டும் என்று முடிவானது. திறந்தார்கள். குணமற்றவர்களையும் இறைவனே மன்னித்துச் சத்குருவின் சேவையில் சேர்த்துக்கொள்கிறான் என்ற பாடல் வந்தது. பூசாரிகள் பிரசாதத்தை வாங்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதமே குருத்வாராக்களை நடத்தும் கமிட்டி பிறந்தது.

மனிதர்கள் தவறு செய்தார்கள், நூல் அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. என் சீக்கிய நண்பர்கள் சாதியை எதிர்த்துப் பேசும்போது வெளியே போய் ஆதாரம் தேடுவதில்லை. கிரந்தத்தைத்தான் காட்டுகிறார்கள்.

மார்ச் 20

நம் பக்கத்துச் செய்தி ஒன்று. 1924-இல் வைக்கம் போராட்டத்தில் பெரியார் இருந்தது நமக்குத் தெரியும். அப்போது பஞ்சாபிலிருந்து அகாலிகள் என்ற சீக்கியப் போராளிகள் வந்து போராட்டக்காரர்களுக்கு லங்கர் திறந்தார்கள். வெளியார் உதவி வேண்டாம் என்று காந்தி சொல்லி, அது மூடப்பட்டது. கோயில் தெருவில் நடக்க உரிமை கேட்டவர்களுக்குச் சோறு போட அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 13, வைசாகி

நமக்கு நாளைக்குச் சித்திரை ஒன்று. அவர்களுக்கு இன்று வைசாகி. கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, கால்சாவைப் பற்றி ஏன் எழுதவில்லை என்கிறார். நியாயம்தான்.

1699 வைசாகி, ஆனந்த்பூர். கூட்டத்தின் முன் கோவிந்த் சிங் வாளோடு நின்று ஒரு தலை வேண்டும் என்றார். ஒவ்வொருவராக ஐந்து பேர் எழுந்தார்கள். அந்த ஐவரும் தாழ்த்தப்பட்டவர்கள் என்று சொல்வது தவறு. லாகூர் தயா ராம் கத்ரி சாதி, ஹஸ்தினாபுரத்துத் தரம் தாஸ் ஜாட் சாதி. மற்ற மூவர்தான் அன்று தாழ்ந்தவை என்று வைக்கப்பட்ட தொழில்களைச் செய்தவர்கள்: பூரியிலிருந்து வந்த தண்ணீர் சுமப்பவர், துவாரகையின் துணி அச்சடிப்பவர், பீதரின் நாவிதர். லாகூரிலிருந்து பீதர் வரை, ஒவ்வொருவரும் ஒரு திசை.

இரும்புப் பாத்திரத்தில் தண்ணீர். அதில் பதாசா என்ற சர்க்கரைக் கட்டிகளைப் போட்டு, இருபுறமும் கூரான வாளால் கலக்கி, ஐவரும் ஒரே பாத்திரத்தில் குடித்தார்கள். சாதிப் பெயர் போய், ஆணுக்குச் சிங், பெண்ணுக்குக் கவுர். எல்லோரும் இதுவரை சொல்வார்கள். நான் சொல்ல வருவது அடுத்து நடந்தது. குரு அந்த ஐவர் முன் கைகூப்பி நின்று, இப்போது எனக்கு நீங்கள் கொடுங்கள் என்றார். நாவிதரும் தண்ணீர்க்காரரும் கொடுத்த அமிர்தத்தைக் குடித்து, அன்றுவரை கோவிந்த் ராய் என்றிருந்தவர் கோவிந்த் சிங் ஆனார். இன்றைக்கும் அமிர்தம் கொடுப்பது ஐந்து பேர்தான். அந்த ஐவருக்கும் சாதி, குலம் எதுவும் பார்ப்பதில்லை.

ஒரு திருத்தமும் உண்டு. பெயரில் சிங் இருப்பவர்கள் எல்லாம் சீக்கியர் இல்லை, ராஜபுத்திரர்களிலும் சிங் உண்டு. சீக்கியர்களிலும் எல்லோரும் அமிர்தம் பெற்றவர்கள் இல்லை.

ஏப்ரல் 13, இரவு 9.30

சென்னையில் எங்கே பார்க்கலாம் என்று கேட்டவருக்கு: தி. நகர், ஜி.என். செட்டி சாலையில் குருத்வாரா இருக்கிறது. தலையை மூட ஒரு கைக்குட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சிகரெட், பீடி, பாக்கு வெளியிலேயே இருக்கட்டும். கை, கால் கழுவிவிட்டு உள்ளே போங்கள். கிரந்தத்தின் பக்கம் காலை நீட்டாமல் சம்மணம் போட்டு உட்காருங்கள், பாட்டு முடியும்வரை இருங்கள். பிறகு பந்தி. ரொட்டி வரும்போது தட்டை நீட்ட வேண்டாம், இரண்டு கையையும் சேர்த்து ஏந்துங்கள்.